நீ கேக்கவே இல்லையே கண்ணு

டீச்சருங்களா நீங்க? மடியில அந்த விடைத்தாள் கட்டைப் பாத்தேன், அதான் கேட்டேன். திருத்துங்க, திருத்துங்க. நான் தொந்தரவு பண்ணல. பஸ்ஸு இந்தக் குலுக்குக் குலுக்குது, எப்படித்தான் சிவப்புப் பேனாவைப் புடிக்கிறீங்களோ. கொடுமுடியில எறங்கணுமா? அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. நான் கரூர் போறேன். எம் மக அங்கதான் படிக்கிறா. ஏழாவது.

ஏழாவதுன்னு சேத்திருக்காங்க, வயசுக்கு. படிக்கிறது ரெண்டாவது பாடம்.

அப்படிப் பாக்காதீங்க டீச்சர். மக்குப் புள்ளை இல்லீங்க அவ. தும்பைன்னு பேரு. மழை வரப்போவுதுன்னா மண்ணு மாறுற வாசத்தை வெச்சு, எங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லுவா. நாப்பது பறவைச் சத்தம் தெரியும். நெல்லைக் கையில வாங்கித் தேச்சுப் பாத்து என்ன ரகம்னு சொல்லிருவா. அப்படிப்பட்ட புள்ளை. போன ஆனி மாசம் வரைக்கும் பள்ளிக்கூட வாசப்படியை மிதிச்சதில்ல. நாங்க அனுப்பல. அனுப்ப முடியாம இல்ல, அனுப்பக் கூடாதுன்னு.

கோவம் வருதுங்களா? வராம இருக்குமா, உங்க தொழிலே அதுதானே. ஆனா நான் படிச்ச பள்ளிக்கூடத்தை நீங்க பாத்ததில்ல டீச்சர். ஊரு பேரு வேண்டாம். ஹாஸ்டல். விடியறதுக்கு முந்தியே எழுப்பி வரிசையா உக்கார வெச்சிருவாங்க. மார்க் கொறைஞ்சா, மத்தியானம் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய நிக்கணும். மத்தவங்க எல்லாம் தின்னு கை கழுவுற வரைக்கும் நிக்கணும். பன்னெண்டாவதுல நான் ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு எடுத்தேன். எங்கூடத் தட்டோட நின்ன ஒரு புள்ளை எடுக்கல. ரிசல்ட் வந்த அன்னைக்கு அவ... வேண்டாம், அதை வுடுங்க.

அதனால, கல்யாணம் பேச வந்தப்பவே எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். எனக்குப் பொறக்குற புள்ளையை எவனும் வரிசையில நிக்க வெக்கக் கூடாதுன்னு. அவருக்கும் அதே எண்ணம். கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில டிசைன் வேலை அவருக்கு. தும்பைக்கு மூணு வயசானப்ப வேலையை வுட்டுட்டு, அந்தியூருக்கு மேக்கால மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கர் வாங்கிக் குடி வந்துட்டோம். புள்ளை எதைத் தேடுதோ அதுதான் படிப்பு. எப்பத் தேடுதோ அப்பத்தான் படிப்பு. வீட்டுல ஒரே ஒரு சட்டம் வெச்சிருந்தோம். கேட்டா குடுக்கணும், கேக்காம திணிக்கக் கூடாது.

சத்தியமாச் சொல்றேன், அதை மீறுனதே இல்ல. மண்ணு கேட்டா, வண்டி மண்ணு கொண்டாந்து கொட்டினோம். பாட்டு கேட்டா, பாடத் தெரிஞ்சவங்களைத் தேடிக் கூட்டியாந்தோம். ஆட்டுக்குட்டி கேட்டா வாங்கிக் குடுத்தோம், அதோடயே தூங்குவா. புத்தகம் மட்டும் கேக்கல. ஒரு அலமாரி நிறைய இருந்துச்சு. கேக்கல.

ஆறு வயசுல ஒருநாள் நான் மடியில வெச்சு ஒரு படப் புத்தகத்தைப் பிரிச்சேன். கொஞ்ச நேரம் பாத்தா. கண்ணைக் கசக்குனா. அப்பறம் சொன்னா, "அம்மா, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி கலைஞ்சு கலைஞ்சு ஓடுது"ன்னு.

எனக்குச் சிலிர்த்துப் போச்சு டீச்சர். ஆறு வயசுப் புள்ளை வாயில இப்படி ஒரு வார்த்தை! அவ பேசுறதை எழுதி வெக்கறதுக்குன்னே ஒரு நோட்டு வெச்சிருந்தேன். "தும்பை சொன்னது"ன்னு அட்டையில எழுதி. உடனே அதுல எழுதுனேன். அவரு அதை பேஸ்புக்ல போட்டாரு. நானூறு பேரு லைக் போட்டிருந்தாங்க. பள்ளிக்கூடம் போற புள்ளைன்னா அ, ஆன்னு சொல்லியிருக்கும், போகாத புள்ளை கவிதை சொல்லுதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. எனக்கு அன்னைக்குப் பூரா தரையில கால் பாவல.

அதே மாதிரி இன்னொண்ணு. "தலை வலிக்குதும்மா"ம்பா, புத்தகத்தை எடுத்தா. நான் உடனே மூடி வெச்சிருவேன். மூடி வெச்சுட்டுக் கட்டிப்புடிச்சு, "வலிக்குதுன்னா வேண்டாம் கண்ணு, உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்கலாம்"பேன். எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர், தலை வலிக்குதுன்னு ஒரு புள்ளை சொன்னா புத்தகத்தை மூடி வெப்பாங்க? நான் வெச்சேன். ஒவ்வொரு தடவையும் வெச்சேன்.

வெளியூர்லருந்தெல்லாம் எங்களைப் பாக்க வருவாங்க. புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு, எப்படி வளக்குறீங்கன்னு கேக்க வருவாங்க. அந்தப் புள்ளைக கதைப் புத்தகம் படிச்சுக்கிட்டு இருக்கும். நீ படிப்பியான்னு கேட்டா இவ, "எனக்குப் புடிக்காது"ன்னு சொல்லிட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிருவா. அவரு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு, "பாத்தீங்களா, வேண்டாம்னு சொல்ற தைரியம் எத்தனை பெரியவங்களுக்கு இருக்கு?"ன்னு. எல்லாரும் தலையாட்டுவாங்க. நானும்.

இதுல நடுவுல வந்து பூந்தவதான் என் நாத்தனார். அவருக்குத் தங்கச்சி. தெய்வானைன்னு பேரு. கரூர்ல பெட்ஷீட் கம்பெனியில செக்கிங்ல இருக்கா. கறை இருக்கா, தையல் வுட்டிருக்கா, நூல் தொங்குதான்னு காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் குறை பாக்குறதே வேலை. நம்ம வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணோடதான் வருவா. தும்பைக்கு அஞ்சு வயசு இருக்கும். வந்தவ டீயைக் கூடக் குடிக்கல. "அண்ணி, பாப்பாவுக்கு ஒரு கண்ணு உள்ள திரும்புது. ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டலாமா"ன்னு கேட்டா.

எனக்கு எப்படி இருக்கும்? எம் புள்ளை பெட்ஷீட்டா? "அது அவ அழகு. நீ உன் கம்பெனி வேலையைக் கம்பெனியோட வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு அவளுக்கு. அதுக்கப்பறம் ரெண்டு மூணு வருசம் வரவேயில்ல. வராட்டி என்னன்னு இருந்தேன்.

போன சித்திரையில புது வீடு கட்டிக் குடி போனா. கூப்புட்டா, போகாம இருக்க முடியுமா? தும்பைக்கு அப்பப் பதினொண்ணு முடிஞ்சு பன்னெண்டு நடக்குது. அத்தை வீட்டுல ஒரு வாரம் இருக்கேன்னு கேட்டா. கேட்டா குடுக்கணும், அதுதானே சட்டம். வுட்டுட்டு வந்தோம்.

நாலாம் நாள் போன் வந்துச்சு. "அண்ணி, நீங்களும் அண்ணனும் உடனே கண்ணாஸ்பத்திரிக்கு வாங்க. பயப்படாதீங்க, வாங்க"ன்னா. ஊசியில நூல் கோத்துக் குடுன்னு இவகிட்டக் குடுத்திருக்கா. இவ ஊசியைப் பாக்கவே இல்லையாம். கண்ணை மூடிக்கிட்டு நாக்கு நுனியில ஊசிக் காதைத் தொட்டுத் தொட்டுக் கோத்திருக்கா. அதைப் பாத்துட்டு எங்களை ஒரு வார்த்தை கேக்கல டீச்சர். பெத்தவ நான் உசுரோட இருக்கேன். ஒரு வார்த்தை கேக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. இதை எந்தத் தாயாவது பொறுப்பாளா? நீங்களே சொல்லுங்க.

டாக்டரம்மா சின்ன வயசுதான். ஏதேதோ லென்ஸை மாத்தி மாத்திப் பாத்துட்டு எங்களைக் கூப்புட்டாங்க.

"ரெண்டு கண்ணுலயும் பிளஸ் ஒன்பது பவர் இருக்கு. பொறந்ததுலருந்தே இருந்திருக்கும். கிட்ட இருக்குற எதுவும் இவளுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருக்காது. எந்த ஸ்கூல்? ஸ்கூல்ல கண் பரிசோதனைக்கு வருவாங்களே, அப்பச் சொல்லலையா?"

அவரு சொன்னாரு, "நாங்க ஸ்கூலுக்கு அனுப்பறதில்லைங்க. இயற்கை வழிக் கல்வி."

டாக்டரம்மா திட்டியிருந்தாக்கூடத் தேவலை. பேனா மூடியைக் கழட்டி, திரும்பவும் மூடுனாங்க.

"கண்ணாடி போட்டா சரியாயிருமில்ல?"ன்னு நான் கேட்டேன்.

"கொஞ்சம் சரியாகும்மா. பாக்குறதுங்கிறது கண்ணு மட்டும் பண்ற வேலை இல்ல, மூளையும் அதைப் பழகணும். அது பழகுற வயசு ஏழு, எட்டு. அதுக்குள்ள கண்ணாடி போட்டிருந்தா இவ நம்மளை மாதிரியே பாத்திருப்பா. இப்பப் போட்டாலும் முழுசா வராது. செவுத்துல மாட்டியிருக்குற அந்தப் பலகையில மேல இருக்குற நாலு வரி தெரியும். அதுக்குக் கீழ வர்றது கஷ்டம்."

அவரு உடனே, "ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நேரம் இருக்கும்னு..."ன்னு ஆரம்பிச்சாரு. பாவம், அந்த வார்த்தை அவருக்கு வாயில பழகிப் போச்சு. பாதியில நிறுத்திட்டாரு.

"இருக்குங்க. இவளுக்கு அந்த நேரம் முடிஞ்சு போச்சு"ன்னாங்க டாக்டரம்மா. மெதுவாத்தான் சொன்னாங்க.

அன்னைக்கு ஊருக்கு வந்து நான் அந்த நோட்டை எடுத்துப் பிரிச்சேன். எழுத்து எறும்பா ஓடுது. நிலா ரெண்டா இருக்குது. பூவுக்கு ஓரம் இல்ல, வாசம்தான் இருக்குது. அம்மா சேலையில பூ எல்லாம் கரைஞ்சு போச்சு. பக்கத்துக்குப் பக்கம் டீச்சர், எல்லாமே டாக்டர்கிட்டச் சொல்ற மாதிரி சொல்லியிருக்கா. தேதி போட்டு, அழகா, நானே எங்கையால எழுதி வெச்சிருக்கேன்.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். இல்ல இல்ல, வேண்டாம், எங்கிட்ட இருக்கு. நீங்க திருத்துங்க. பேனாவை வெச்சுட்டீங்களே.

கண்ணாடி வர்றதுக்கு மூணு நாள் ஆச்சு. கட்டியான கண்ணாடி. கடையில மாட்டிவுட்டதும் அவ எங்களைப் பாக்கல, ரோட்டைப் பாக்கல. உள்ளங்கையைத்தான் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "அம்மா, கையில கோடு இருக்கு"ன்னா. "எல்லாருக்கும் இருக்கும் கண்ணு"ன்னேன். எங்கையைப் புடிச்சு விரிச்சுப் பாத்தா. அவங்கப்பா கையைப் பாத்தா. கடைக்காரர்கிட்டப் போயி, "உங்க கையைக் காட்டுங்க"ன்னா. அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே காட்டுனாரு.

ஊருக்குத் திரும்பி வர்ற பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து வந்தா. பவானி தாண்டுனப்பறம் கேட்டா, "அம்மா, இதை ஏன் முன்னாடியே வாங்கித் தரல?"

நான் என்ன சொல்லட்டும்? உள்ளதைத்தானே சொல்ல முடியும். "நீ கேக்கவே இல்லையே கண்ணு"ன்னேன்.

அவ யோசிச்சா. நெசமாவே யோசிச்சா டீச்சர், தப்பு தன்மேலதானோங்கிற மாதிரி. அப்பறம் சொன்னா, "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேம்மா. நீங்க எல்லாம் எப்படியோ சமாளிச்சுப் படிக்கிறீங்க, எனக்குத்தான் சமாளிக்கத் தெரியலன்னு நெனச்சேன். அதான் புடிக்கலன்னு சொன்னேன்."

அஞ்சு வருசமா அந்தப் புள்ளை அதை மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்குது. பக்கத்துலயே படுத்திருந்த எனக்குத் தெரியல.

ஒரு வாரம் கழிச்சு, சாப்புடும்போது சொன்னா, "நான் அத்தை வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போறேன்"னு.

பன்னெண்டு வருசத்துல மொதத் தடவையா அவளாப் படிப்பைக் கேக்குறா. கேட்டா குடுக்கணும். ஆனா அவருக்குச் சோறு எறங்கல. "இது அவ கேக்குறது இல்ல மஞ்சரி. தெய்வானை சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா. படிக்காததைத் தப்புன்னு ஊரு நெனக்க வெச்சிருக்கு. கொஞ்ச நாள் போனா அவளே மாறிருவா"ன்னாரு. அவ எதுத்துப் பேசல. அழுவல. பாட்டை நிறுத்திட்டா, அவ்வளவுதான். ஆடு மேய்க்கப் போகையில, குளிக்கையில, எப்பவும் ஒரு பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும் எங்க வீட்டுல. அது நின்னு போச்சு. வீடு காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

பதினாறாம் நாள் நானே தெய்வானைக்குப் போன் போட்டேன். "வந்து கூட்டிட்டுப் போ"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவ வந்தா. தும்பை பையை முந்துன நாளே கட்டி வெச்சிருந்தா. அவங்கப்பா காலையிலயே தோட்டத்துக்குப் போனவரு, அவங்க பஸ் ஏறுற வரைக்கும் திரும்பல. வாய்க்கால் மேட்டுல உக்காந்திருந்தாருன்னு அப்பறம் தெரிஞ்சுது. ஆட்டுக்குட்டியைக் கட்டிப்புடிச்சு அழுதா அவ. எங்கிட்ட அழுவல.

அவரு இன்னமும் வர்றவங்ககிட்டப் பேசிக்கிட்டுத்தான் இருக்காரு. மக எங்கன்னு கேட்டா, "பள்ளிக்கூடம்னா என்னன்னு பாக்கணும்னு ஆசைப்பட்டா, போயிருக்கா"ன்னு சொல்லுவாரு. சொல்லிட்டு உள்ள வந்து சொம்புத் தண்ணியை எடுத்து மூஞ்சியில அடிச்சுக்குவாரு. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசி அஞ்சாறு மாசம் ஆச்சு.

மொத வாரம் இவளைச் சோடாபுட்டின்னு கூப்புட்டிருக்காங்க. போன்ல சொன்னா. எனக்கு நெஞ்சு பத்திக்கிட்டு எரிஞ்சுது. இதுக்குத்தானே நான் அனுப்பல, இதுக்குத்தானே! "யாருன்னு பேரு சொல்லு, நான் வந்து கேக்குறேன்"னேன். "வேண்டாம்மா. நாலு பேரு கூப்புடுறாங்கம்மா, வெளையாடக் கூப்புடுறாங்க"ன்னா.

தெய்வானை நல்லாத்தான் பாத்துக்கறா, இல்லேங்கல. தெனமும் கம்பெனி வுட்டு வந்து, பெட்ஷீட்டுக்குள்ள வெக்கற அட்டையை வெட்டி, பெருசு பெருசா எழுத்து எழுதிக் குடுக்குறாளாம். கறுப்பு மையில. ஆனாலும் எனக்கு ஆறல டீச்சர். அந்த எழுத்தை எழுத வேண்டியவ நானு. அவ அஞ்சு வயசுல சொன்னப்ப ஏன் ஒருக்காத்தான் சொன்னா? நான் திட்டுனா என்ன, திரும்ப வந்து சொல்லக் கூடாதா? எங்காலு கையைக் கட்டிப் போட்டாவது புள்ளையைத் தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா? கோவிச்சுக்கிட்டு மூணு வருசம் வராம இருந்துட்டாளே. அந்த மூணு வருசந்தானே டாக்டரம்மா சொன்ன வருசம். அதை நெனச்சா அவ மூஞ்சியில முழிக்கவே புடிக்கல எனக்கு.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னா, நேத்து சாயங்காலம் தும்பை போன் பண்ணுனா. "அம்மா, ரேங்க் கார்டு குடுத்திருக்காங்க. தமிழ்ல பத்தொன்பது மார்க்கும்மா! நானே எழுதுனது"ன்னா. அம்பதுக்கா நூத்துக்கான்னு நான் கேக்கல. "கையெழுத்துப் போடணும், அத்தை போட மாட்டேங்குது"ன்னா. ஏனாம்னு கேட்டேன். "உங்கம்மா இருக்காங்க, அவங்கதான் போடணும். நீ போன் பண்ணி வரச் சொல்லு"ன்னு சொல்லுச்சாம் அத்தை.

பாத்தீங்களா டீச்சர்? வீட்டுல வெச்சுச் சோறு போடுறா, எழுத்துச் சொல்லிக் குடுக்குறா, ஒரு கையெழுத்துப் போட முடியல அவளுக்கு. மூணு பஸ்ஸு மாறி நான் வரணும். என்னை அலைய வெக்கறதுல அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு. வேற என்னவா இருக்கும்?

ஏன், அப்படி இல்லைங்கறீங்களா?

தெரியல. எனக்கு எதுவும் இப்பச் சரியாத் தெரியறதில்ல.

கொடுமுடி வந்துருச்சு போல. பாத்து, கட்டை நல்லாப் புடிச்சுக்கோங்க. இருங்க டீச்சர், எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. ரேங்க் கார்டைப் படம் புடிச்சு அனுப்பியிருக்கா. இங்க பாருங்க, கடைசியில, கையெழுத்துப் போடுற எடத்துல பெற்றோர்னு போட்டு, ஒரு கோடு போட்டு, பக்கத்துலயே பாதுகாவலர்னும் போட்டிருக்காங்க. கீழ சின்ன எழுத்துல, பொருந்தாததை அடிக்கவும்னு இருக்கு.

நான் எதை அடிக்கணுங்க டீச்சர்?